குதிரைக்குப் பத்துப் பொருத்தம்

எப்படியும் ஒரு வெள்ளைக் குதிரையைப் பிறக்கவைத்தே தீருவது என்று தம்புசாமி முடிவெடுத்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. குடியிருப்பு பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. குதிரை எப்படிப் படியேறும் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். அது கம்ப்யூட்டருக்குள் பிறக்கவேண்டிய குதிரை.

தொண்ணூற்றெட்டாம் வருடத்துக் கதை இது. மகள் சந்திரகலா கல்யாணமாகிப் பெர்த்துக்குப் போய் இரண்டு வருடமாகிவிட்டது. போன தீபாவளிக்கு வந்தவள் தன் பழைய அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தாள். டெலிபோன் வயரை அதில் சொருகினாள். அப்பாவை உட்காரவைத்து ஒரு விளையாட்டைக் காட்டினாள். அமெரிக்காக்காரன் எவனோ செய்தது. ஆளுக்கொரு பண்ணை. ஆண் குதிரையையும் பெண் குதிரையையும் சேர்த்துவைத்தால் பதினைந்து நாளைக்கு ஒரு குட்டி. குட்டி என்ன நிறத்தில் பிறக்கும் என்பதுதான் ஆட்டமே. பண்ணைக்காரர்கள் ஒருவருக்கொருவர் கடிதமும் போட்டுக்கொள்ளலாம்.

"வெள்ளைதான்பா ரொம்ப கஷ்டம். எனக்கே இன்னும் பிறக்கல" என்றாள்.

அவள் விமானம் ஏறிப் போய்விட்டாள். அந்த 'எனக்கே இன்னும்' தம்புசாமியின் மனதில் தங்கிவிட்டது. காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெர்த்திலிருந்து போன் வரும். மனைவி தனலெட்சுமி எடுப்பாள். நாற்பது நிமிடம் பேசுவாள். அலசவேண்டியதை எல்லாம் அலசி முடித்துவிட்டு, ஆறிப்போன ரிசீவரைக் கணவரிடம் நீட்டுவாள்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன்மா."

"சரிப்பா, வெக்கிறேன்."

முப்பத்து மூன்று வருடம் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஆயிரம் பேருக்குப் பதில் சொன்னவருக்கு இப்போது வாரத்துக்கு இரண்டே பதில்தான் உத்தியோகம். வீட்டில் தனலெட்சுமியோடு நடக்கும் பேச்சும் அப்படியொன்றும் பிரமாதமில்லை. சாப்பாடு ஆச்சா, மழை வருது, துணியை எடுங்க, கேஸ் தீர்ந்துபோச்சு. எண்ணிப் பார்த்தால் நாளுக்கு எட்டு வாக்கியம். மற்ற நேரமெல்லாம் மின்விசிறிதான் பேசிக்கொண்டிருக்கும். தம்புசாமிக்குத் தனிமை தாங்கவில்லை. அதை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஒரு வெள்ளைக் குட்டியைப் பிறக்கவைத்து மகளின் பிறந்தநாளுக்குக் கொடுத்துவிட்டால்? அப்புறம் மாத்திரையைத் தவிரப் பேச ஒரு விஷயம் இருக்குமே! இடையில் தனலெட்சுமியும் இருக்கமாட்டாள். பிப்ரவரி மாதம் ஒரு நாள் மத்தியானம், மனைவி கண்ணயர்ந்த நேரத்தில், மகளின் பண்ணைக்கு முதல் கடிதத்தைத் தட்டினார். 'அப்பா எழுதுகிறேன். நானும் பண்ணை ஆரம்பித்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே.'

கடிதம் இங்கிலீஷில்தான். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துக்கு எங்கே போவது? மறுநாளே பதில் வந்திருந்தது. 'சொல்லமாட்டேன் அப்பா.' தம்புசாமி அதை நான்கு முறை படித்தார்.

கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைக்கும்போதெல்லாம் அது ஊரைக் கூட்டுகிற மாதிரி கீச்சிடும். மூன்றாம் நாளே தனலெட்சுமி எழுந்து வந்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"கோயில் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்காங்க."

"கட்டுரை ஏன் இப்படிக் கத்துது?"

"ஆரம்பத்துல அப்படித்தான் லா. போகப் போக அமைதியாயிடும்."

"எத்தனை பக்கம் ஆச்சு?"

"இப்பதான் பிள்ளையார் சுழி."

"நல்லா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் படுக்கப் போய்விட்டாள். எவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டோம் என்று தம்புசாமிக்குத் தன்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

குதிரை நிறத்தின் சூட்சுமத்தை அவளிடமே கேட்டிருக்கலாம். முப்பது வருடம் அறிவியல் டீச்சர். ஆனால் எதைக் கேட்டாலும் "இப்ப நல்லா கவனிங்க" என்று ஆரம்பித்து, சாப்பாட்டு மேசையிலேயே படம் போட்டு, கடைசியில் "என்ன புரிஞ்சுது, சொல்லுங்க" என்று கேள்வியும் கேட்பாள். அந்தப் பரீட்சைக்குத் தம்புசாமி தயாராக இல்லை. தவிர, ஜோடி சேர்க்கிற வித்தையை அவருக்கு யார் கற்றுத்தரவேண்டும்? செந்தூலிலிருந்து கிள்ளான்வரை அவர் ஜாதகப் பொருத்தம் பார்த்துச் சேர்த்துவைத்த தம்பதிகள் எத்தனை பேர்!

விளையாட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் பிறந்த தேதி, நேரம் எல்லாம் போட்டிருந்தது. பஞ்சாங்கத்தை எடுத்தார். இருநூறு குதிரைகளுக்கு நட்சத்திரம் குறித்தார். சாஸ்திரத்தில் அஸ்வினிக்கும் சதயத்துக்கும் மிருகம் குதிரை. மனிதர்களுக்கே அது அமோகமான பொருத்தம் என்றால், குதிரைக்குக் குதிரை கேட்கவா வேண்டும்? அஸ்வினியில் ஒரு பெண் குதிரை, சதயத்தில் ஓர் ஆண் குதிரை. இரண்டும் செவலை. ரஜ்ஜு தட்டவில்லை. பத்துக்கு எட்டுப் பொருத்தம். அவருக்கும் தனலெட்சுமிக்கும் அதே எட்டுதான். ராகு காலம் கழித்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, பட்டனை அழுத்தினார்.

பதினைந்தாம் நாள் குட்டி பிறந்தது. செவலை.

முதல் குட்டி அப்படித்தான் என்று தேற்றிக்கொண்டார். இரண்டாவது செவலை. மூன்றாவதற்கு முகூர்த்தத்தை மாற்றினார். செவலை. ஐந்தாவதற்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஆறாவது பிறந்தபோது திரையைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. மகளுக்கு எழுதினார். 'ஜாதகத்தில் குறையே இல்லை. குட்டிகள் மட்டும் செங்கல் மாதிரி வந்துகொண்டே இருக்கின்றன.'

பதில் நீளமாக வந்தது.

'அப்பா, செவலை என்பது தே-ஓ, வெறும் தேநீர். அதில் பாலே இல்லை. குட்டி, அம்மாவிடம் ஒரு பங்கும் அப்பாவிடம் ஒரு பங்கும் வாங்கிக்கொண்டு பிறக்கிறது. ஒரு கரண்டி பால் விழுந்தால் பொன்னிறம். இரண்டு கரண்டி விழுந்தால் வெள்ளை. இரண்டு தே-ஓவுக்குக் கல்யாணம் செய்துவைத்தால் பால் விட்டு ஆற்றிய தே தாரேக் பிறக்குமா? பொன்னிறத்தில் ஒரு ஜோடி பாருங்கள். ஒவ்வொன்றிடமும் ஒரு கரண்டி பால் உண்டு. குட்டிக்கு அதைக் கொடுத்தாலும் கொடுக்கும், கொடுக்காமலும் போகும். இரண்டும் கொடுத்தால்தான் வெள்ளை. நாலில் ஒரு வாய்ப்பு. ஜாதகம் வேண்டாம். என்ன புரிந்தது, எழுதுங்கள்.'

தம்புசாமி அசந்துபோனார். மூன்றாம் படிவத்தில் அறிவியலில் கோட்டைவிட்ட பெண், இப்படி விளக்குகிறாளே! எல்லாம் பெர்த் தண்ணீர் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டார்.

பொன்னிற ஜோடியைப் பிடித்தார். முதல் குட்டி செவலை, இரண்டாவது பொன்னிறம், மூன்றாவதும் பொன்னிறம். அப்படியானால் நாலாவது வெள்ளைதானே என்று பூரித்துப்போய் எழுதினார். 'வாய்ப்புக்கு கியூ நம்பர் கிடையாது அப்பா' என்று பதில் வந்தது. நாலாவது செவலை.

ஆனால் இப்போது அவருக்குக் குதிரை அத்தனை முக்கியமாகப் படவில்லை. தினமும் காலையில் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி, தே தாரேக் குடித்து, பேப்பர் பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்கு வீடு திரும்புவார். மத்தியானம் திறந்தால் கடிதம் இருக்கும். வாழ்க்கையில் யாரும் அவருக்கு இவ்வளவு எழுதியதில்லை. குதிரையைப் பற்றி நாலு வரி போக, வீட்டைப் பற்றியும் எழுத ஆரம்பித்தார். 'மீன் குழம்பில் அம்மா போடும் புளிக்கு என் பல் கூசுகிறது' என்று எழுதினார். மறுநாள் குழம்பில் புளியே இல்லை. 'இன்று புளியே இல்லை' என்று எழுதினார். அதற்கடுத்த நாள் அளவாக இருந்தது. குருப் பெயர்ச்சி வேலை செய்கிறது என்று முடிவுகட்டினார்.

'அம்மா என்னோடு பேசுவதில்லை. டிவியோடுதான் பேசுகிறாள்' என்று ஒரு நாள் எழுதினார். 'நீங்கள் பேசுகிறீர்களா அப்பா?' என்று ஒரே வரி வந்தது. சுருக்கென்றது. அன்று சாயங்காலம் முயற்சி செய்தும் பார்த்தார்.

"தனம், இன்னிக்கு என்ன விசேஷம்?"

அவள் வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "சூடு இல்லையே" என்றாள்.

அதோடு பேச்சு முடிந்தது.

அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் மத்தியானம், இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதினார். 'முதல் முறை உன்னைச் சுபாங் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அம்மா காரில் அழுதாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அவள் கையைப் பிடித்திருக்கவேண்டும். இரண்டு வருடமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.'

இதற்கு மட்டும் மூன்று நாள் பதில் வரவில்லை. நான்காம் நாள் வந்தது. 'பரவாயில்லை அப்பா. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.'

ஆகஸ்டில் பொன்னிற ஜோடிக்கு ஆறாவது குட்டி பிறந்தது. வெள்ளை! பாலில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளை. நீலக் கண். தம்புசாமி நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றினார். மகளின் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனிக்கிழமையே குட்டியை அவள் பண்ணைக்கு அனுப்பிவைத்தார்.

ஞாயிறு காலை போன் மணி அடித்ததும் ஐம்பத்தெட்டு வயது மறந்து பாய்ந்தார். தனலெட்சுமி சமையலறையிலிருந்து வருவதற்குள் ரிசீவர் அவர் கையில்.

"ஹேப்பி பர்த்டேம்மா! வெள்ளைக் குட்டி வந்து சேர்ந்துச்சா?"

"என்ன குட்டிப்பா?"

"குதிரைக் குட்டிம்மா! உன் பண்ணைக்கு அனுப்பினேனே!"

"ஐயோ அப்பா, அந்த கேமை இன்னுமா விளையாடுறீங்க? நான் ஜனவரியிலேயே விட்டுட்டேன்பா. வேலைக்கே நேரம் பத்தல. பாஸ்வேர்டை அம்மாகிட்ட கொடுத்துட்டேனே. அம்மா சொல்லலையா?"

தம்புசாமி திரும்பி, சமையலறையிலிருந்து வந்து நின்ற தனலெட்சுமியைப் பார்த்தார்.

"சொன்னா, சொன்னா."

"நல்லா இருக்கீங்களாப்பா? மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன்மா."

ரிசீவரை மனைவியிடம் கொடுத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். ஏழு மாதக் கடிதங்களில் ஒன்றுகூட மகள் எழுதியதில்லை. அது வலித்தது. அப்புறம் மீன் குழம்பு ஞாபகத்துக்கு வந்தது. காது சூடாகிவிட்டது. கடைசியில் ஏர்போர்ட் கடிதம் ஞாபகம் வந்தபோது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனலெட்சுமி அன்று நாலே நிமிடத்தில் போனை வைத்துவிட்டாள்.

"நீதானா?"

"நான்தான். நீங்க பாசாருக்குப் போற நேரத்துல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"'அம்மாவிடம் சொல்லாதே'ன்னு எழுதியிருந்தீங்க. சொல்லல."

"தனம், நான் கலான்னு நினைச்சு என்னென்னமோ எழுதிட்டேன்."

"தெரியும். என்கிட்டன்னா எழுதியிருப்பீங்களா? முப்பத்தொரு வருஷத்துல வீட்டுக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கீங்களா? முதல் நாளே சொல்லிடணும்னுதான் இருந்தேன். அப்புறம் மனசு வரல."

"அந்த ரேடியோ லெட்டருக்கு மூணு நாள் பதில் இல்லையே?"

"அழுதுகிட்டு டைப் பண்ண வரல" என்றாள் தனலெட்சுமி.

தம்புசாமி எழுந்து டிவியை அணைத்தார். கம்ப்யூட்டரின் வயரையும் பிடுங்கிவிட்டு வந்தார்.

"போதும். இனிமே குதிரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாம ரெண்டு பேரும் நேராவே பேசுவோம்."

"பேசுவோம்" என்று அவளும் எதிரில் உட்கார்ந்தாள்.

மின்விசிறி சுற்றியது. கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். தம்புசாமி தொண்டையைச் செருமினார்.

"மழை வரும்போல."

"ம்."

"துணி காயுதா?"

"எடுத்தாச்சு."

பத்து நிமிடம் போயிற்று. அவர் அவளைப் பார்த்தார். அவள் தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாய்க்கு மட்டும் வரவில்லை. இன்னும் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தனலெட்சுமி எழுந்தாள். அறைக்குள் போய் அவர் பிடுங்கிய வயரைத் திரும்பச் சொருகினாள். சமையலறையிலிருந்து பாசார் பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"கொஞ்ச நேரம் எங்கயாவது போயிட்டு வாங்க. நீங்க வீட்டுல இருந்தா உங்களோட பேச வரமாட்டேங்குது."