மாமியார் படத்துக்கு நாலு திருத்தம்

"குடைமிளகாய் அதிகமா இருக்கு" என்றார் மக்தலேனா.

லூபென் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் கூடாது. வாசகசாலை மாடியில் வியாழக்கிழமைதோறும் கூடும் புகைப்படச் சங்கத்தின் சட்டம் அது. படங்களைப் பெயர் போடாமல் சுவரில் மாட்டுவார்கள். மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். எடுத்தவர் யாரோ எவரோ போல உட்கார்ந்திருக்க வேண்டும். படத்தில் இருப்பது லூபெனின் மாமியார் டோட்கா அம்மாள், பின்னால் தெரிவது அவன் வீட்டு பால்கனி என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்து லூபெனைப் பார்த்து முடித்தார்கள்.

டோட்கா அம்மாள் அடுப்பில் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த படம். கன்னத்தில் கரி, கையில் இடுக்கி, சுற்றிலும் ஜாடிகள். லூபெனுக்கு அது பிடித்திருந்தது.

"முகத்துல உண்மை இருக்கு" என்று மக்தலேனா தொடர்ந்தார். முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் அவர் எந்தப் படத்திலும் கைவைப்பதில்லை. "ஆனா முகம்தான் படம். மத்ததெல்லாம் சமையல். வெறும் சுவருக்கு முன்னால உக்கார வெச்சு, நேராப் பார்க்கச் சொல்லி இன்னொண்ணு எடுக்கலாம்."

மக்தலேனா இரண்டு வருடம் முன்பு ருஸே நகரத்திலிருந்து வந்து இந்த டான்யூப் கரைச் சிற்றூரில் குடியேறியவர். முப்பது வருடம் முகப்படங்களோடேயே வேலை பார்த்தவர் என்று கேள்வி. அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை. உடனே தலைவியாக்கிவிட்டார்கள். அவர் வந்த பிறகு சங்கத்தின் படங்களே மாறிப்போயின. போன வருடக் கண்காட்சியைத் திறந்து வைத்த மேயர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் சுற்றி வந்தார். அந்த மரியாதையைப் பற்றிச் சங்கத்தில் இன்னும் பேசுகிறார்கள்.

லூபெனுக்குத் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலை. அவன் கதவைத் தட்டினால் சந்தோஷப்படுகிற வீடு ஊரில் ஒன்றுகூட இல்லை. தான் செய்த ஏதோ ஒன்றைப் பார்த்து ஒருவராவது "நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான். மூன்று வருடமாகச் சங்கத்தின் நவம்பர் கண்காட்சிக்குப் படம் கொடுக்கிறான். மூன்று வருடமும் திரும்பி வந்துவிட்டது. இந்த நவம்பரும் போனால் கேமராவை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

ஆகவே டோட்கா அம்மாளை வெறும் சுவருக்கு முன்னால் உட்கார வைத்தான். அவருக்கு அசையாமல் இருப்பது கைவராத கலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராட வேண்டியிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை மக்தலேனா முகத்தில் அமைதி வந்திருப்பதைப் பாராட்டிவிட்டு, நிறம் கண்ணை இழுக்கிறது என்றார். லூபென் கறுப்பு வெள்ளையாக்கினான். அதற்கடுத்த வாரம், படம் சுவரோடு கரைந்துவிடுகிறது, சுற்றி ஒரு கறுப்புக் கரை போட்டால் நிற்கும் என்றார். போட்டான். நாலாவது வாரம், இவ்வளவு நல்ல முகத்தை ஊர் பேர் தெரியாமல் விடலாமா, கீழே பெயரும் வயதும் மட்டும் எழுதுங்கள் என்றார். எழுதினான்.

அதோடு ஒரு யோசனையும் சொன்னார். "நாம பார்த்தது போதும். சாதாரண ஜனங்க நடமாடற இடத்துல ஒட்டுங்க. நீங்க ஒண்ணும் பேசாதீங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு மட்டும் கேளுங்க."

சனிக்கிழமை டோட்கா அம்மாள் தோழிகளோடு ஹிஸார்யா வெந்நீர்க் குளியலுக்குக் கிளம்பினார். அவருடைய பஸ் தெருமுனை தாண்டி மறையும்வரை காத்திருந்த லூபென், குடியிருப்பின் நுழைவுக் கதவில் படத்தை ஒட்டிவிட்டு, தபால் பெட்டிகள் பக்கம் கடிதம் தேடுகிறவன் போல நின்றுகொண்டான்.

முதலில் வந்தவர் ரங்கெல் கிழவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்து இருப்பவர். படத்தின் முன் நின்றார். தொப்பியைக் கழற்றினார். பெருமூச்சு விட்டார். லூபெனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு படம் ஒரு மனிதரை இப்படி நிறுத்துமா என்று அவனுக்கே ஆச்சரியம்.

அடுத்து இரண்டாம் மாடி பென்கா. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். படத்தின் நெற்றியை விரலால் தொட்டாள். "இப்பத்தானே பால்கனியில மிளகாய் சுட்டுக்கிட்டிருந்தாங்க" என்று முணுமுணுத்தாள். படத்தில் இல்லாத மிளகாயைக்கூடப் பார்க்கிறாளே என்று லூபென் உருகிப்போனான். சட்டத்தை மறந்து வெளியே வந்தான்.

பென்கா அவன் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "படம் ரொம்ப நல்லா இருக்கு தம்பி. உயிரோட இருக்கற மாதிரியே இருக்கு."

மூன்று வருடத்தில் அவன் கேட்ட, "ஆனா" ஒட்டாத முதல் பாராட்டு. "ஒரு மாசமா கஷ்டப்பட்டோம்" என்றான்.

"ஒரு மாசமா? எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே."

"யார்கிட்டயும் சொல்லலை. எப்படி முடியும்னு தெரியாதில்ல."

"அவங்க ரொம்பச் சிரமப்பட்டாங்களா?"

"ஆரம்பத்துல முரண்டு பிடிச்சாங்க. அப்புறம் அசையாம இருக்கப் பழகிட்டாங்க."

பென்கா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடியேறினாள். லூபென் அன்று முழுவதும் தரையில் கால் பாவாமல் திரிந்தான்.

மறுநாள் காலை லூபெனின் மனைவி ருமியானா வேலை செய்யும் மருந்துக்கடைக்கு ஒருவர் பின் ஒருவராக வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். மூன்றாவது ஆள் வந்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. மதியமே வீட்டுக்கு வந்து, கணவனைக் கையோடு அழைத்துப்போய்க் கதவின் முன் நிறுத்தினாள். படத்தின் கீழே தரையில் சாமந்திப் பூக்கள், செத்தவர்களுக்கு மட்டும் வைக்கிற இரட்டைப்படையில் கிடந்தன.

"நல்லாப் பாரு. இது என்னது?"

லூபென் பார்த்தான். அந்தக் குடியிருப்பில் யார் செத்தாலும் அஞ்சலித் தாள் ஒட்டுவது அதே கதவில்தான். கறுப்புக் கரை, கறுப்பு வெள்ளை முகம், கீழே பெயர், வயது. பிறந்ததிலிருந்து அந்த மாதிரித் தாள்களைத் தாண்டித்தான் அவன் போய்வந்துகொண்டிருக்கிறான். தன் படம் என்று வந்துவிட்டால் கண் இப்படியும் ஏமாற்றும்.

"ஆனா எல்லாருக்கும் பிடிச்சிருக்கு" என்றான் மெதுவாக.

அவள் பார்த்த பார்வையில் தாளைக் கிழித்து எடுத்தான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. காற்றுதான் கிழித்துவிட்டது என்று எண்ணிய பென்கா, முந்தின நாளே தன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைப் பத்துப் பதினைந்து பிரதி போட்டு, கதவில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று, பேக்கரியில் ஒன்று, வாசகசாலையில் ஒன்று என்று ஊரெல்லாம் ஒட்டிவிட்டாள். லூபென் ஒவ்வொன்றாகக் கிழிக்கக் கிளம்பினான். பேக்கரி வாசலில் ஒரு பெரியவர் அவன் சட்டையைப் பிடித்து, செத்தவங்க தாளைக் கிழிக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டார். கிழித்ததை அவனே மறுபடி ஒட்டி, ஓரங்களை நீவிவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்தவர்கள் சாவு வீட்டுக்கென்றே செய்யும், சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைக் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்தார்கள். அம்மா குளிக்கப் போயிருக்காங்க, நாளைக்கு வந்துடுவாங்க என்று ருமியானா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அவர்கள் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, பாவம், மனசு இன்னும் ஏத்துக்கலை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள். டோட்கா அம்மாளின் போனோ அணைந்தே கிடந்தது. வெந்நீர்த் தொட்டிக்குள் போனை எடுத்துப்போக மாட்டார்.

"நாளைக்கு பஸ்ஸை விட்டு இறங்கினதும் எதிர்ல அவங்க மூஞ்சியையே பார்ப்பாங்க" என்றாள் ருமியானா. "அப்புறம் நெஜமாவே நீ இந்தத் தாளை ஒட்ட வேண்டி வரும்."

மறுநாள் மாலை, பஸ் நிறுத்தத்திலும் பேக்கரியிலும் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தாளை எடுத்துவிட்டு வந்த லூபென், கதவில் இருந்ததைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான். பென்காவின் பசை நல்ல பசை. பக்கத்துப் பெஞ்சில் ரங்கெல் கிழவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கறுப்பு முக்காடும் சாமந்திப் பூவுமாக மக்தலேனா வந்தார்.

லூபென் கத்தியை மறைத்தான். மக்தலேனா தலைகுனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே போனார். ஓரத்தைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"லூபென், துக்க நேரத்துல சொல்லக் கூடாது. ஆனா இதுல கைவைக்க ஒண்ணுமே இல்ல."

"உண்மையாவா மேடம்?"

"எல்லாம் அது அது இடத்துல இருக்கு. நவம்பர் கண்காட்சியில முதல் சுவர்ல இதுதான்."

உண்மையைச் சொல்ல வாய் திறந்தான் லூபென். சொன்னால் முதல் சுவர் போய்விடும். நவம்பருக்கு இன்னும் எத்தனை நாள் என்று யோசித்தான். மாமியார் அதுவரை ஹிஸார்யாவிலேயே இருந்தால் உடம்புக்கும் நல்லது என்று தோன்றியது. அந்த நினைப்புக்கு வெட்கப்பட்டான். ஆனால் வாயை மூடிக்கொண்டான்.

"மாப்பிள்ளை, இந்தப் பையை வாங்குங்க" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. டோட்கா அம்மாள் ஈரத் துண்டும் பையுமாக நின்றுகொண்டிருந்தார். "பேக்கரிக்காரன் என்னைப் பார்த்ததும் தட்டோட ரொட்டியைக் கீழ போட்டுட்டான். என்ன வியாதியோ."

மக்தலேனா பெஞ்சைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். ரங்கெல் எழுந்து தொப்பியைக் கழற்றினார். பிறகு எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் மாட்டிக்கொண்டார். டோட்கா அம்மாள் கதவருகே போய்த் தன் முகத்தைத் தானே நெடுநேரம் பார்த்தார்.

"மிளகாய் எங்க?" என்றார் கடைசியில்.

மக்தலேனா பூவை அவர் கையில் திணித்து, மன்னிக்கணும் என்று முணுமுணுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். லூபெனுக்கு அழுகை வந்தது.

"நானா எதுவும் பண்ணலை அத்தை. அவங்க சொன்ன நாலு திருத்தத்தையும் அப்படியே செஞ்சேன். எங்க சங்கத் தலைவி அவங்க. முப்பது வருஷமா முகப்படத்துலயே ஊறினவங்க."

தெருக்கோடியில் மறையும் கறுப்பு முக்காட்டைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ரங்கெல் கிழவர் திரும்பினார்.

"சங்கத் தலைவியா? ருஸேல என் வீட்டுக்காரி செத்தப்ப, கறுப்புக் கரை போட்டு அஞ்சலித் தாள் அடிச்சுக் குடுத்த சவப்பெட்டிக் கடைக்காரம்மாதானே அது?"