சேர்ற விஷயமா வந்தவர்

நாற்காலி ஆடியது.

கண்காணிப்பாளர் ஒரு காகிதத்தை நாலாக மடித்து அதன் ஒரு காலுக்கு அடியில் செருகினார். அந்தக் கால் அடங்கியது. எதிர்க்கால் ஆட ஆரம்பித்தது. அதற்கும் ஒரு காகிதம் வைத்தார். இப்போது நாற்காலி மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

மணி எட்டே முக்கால். ஒன்பது மணிக்கு வரப்போகும் புது ஆள் இதில்தான் உட்கார வேண்டும்.

அது ஒரு பார்சல் கம்பெனியின் கிளை. தொலைந்துபோன பார்சல்களைத் தேடிக் கொடுப்பது அவர்கள் வேலை. பார்சலைத் தேடுவதைவிட, தொலைத்தவர்களிடம் போனில் திட்டு வாங்குவதுதான் அதிகம். மூன்று மாதத்தில் நாலு பேர் புதிதாகச் சேர்ந்து நாலு பேரும் போய்விட்டார்கள். முதலாமவர் இதே நாற்காலியிலிருந்து விழுந்து, மருந்து போட்டுக்கொண்டு வருகிறேன் என்று போனவர் போனவர்தான். இரண்டாமவர் டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார். மூன்றாமவர் குடையை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். குடை மட்டும் இன்னும் இருக்கிறது. நாலாமவர் போனை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனதுகூடத் தெரியாமல், அந்தப் பக்கத்து வாடிக்கையாளர் கால்மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தார்.

போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து மேடம் பேசினார். ஆள் சேர்ப்பதெல்லாம் அந்த மேடம்தான்.

"திங்கட்கிழமை உங்க கிளைக்கு ஒருத்தர் சேர்றார். தங்கமான மனுஷன். விவரமெல்லாம் கடிதத்துல அனுப்பியிருக்கேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நானே அவர்கிட்ட பேசுவேன். அவர் 'நாளைக்கும் வரேன்'னு சொன்னா நீங்களும் அங்க இருப்பீங்க. இல்லைன்னா கிடங்குக்குக் கிளம்புங்க."

கிடங்கு எட்டு மணி நேரப் பயணத்தில் இருந்தது. அங்கே போனால் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்தாலே பெரிது. அவருடைய மகள் இப்போதுதான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓட அப்பா வேண்டும் என்பாள்.

மேடம் சொன்ன கடிதம் தொலைந்துவிட்டது. தொலைந்ததைத் தேடிக் கொடுக்கும் ஆபீசில் இதை வெளியே சொல்ல முடியுமா? மேடத்திடம் திருப்பிக் கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க வரவேற்பு ஏற்பாட்டில் இருந்ததால், மேஜைக்கு வந்த மற்ற தாள்களிலும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருந்தார்.

ஆபீசில் ஆடாத நாற்காலிகள் இரண்டே இரண்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று வாசல் காவலாளியுடையது. வாசலுக்குப் போன் போட்டார்.

"ஏம்ப்பா, உன் நாற்காலியைக் கொஞ்சம் உள்ள அனுப்பு. புது ஆளுக்கு வேணும்."

மழையில் நனைந்த போன் கரகரத்தது. "சார், அப்ப எனக்கு..."

"ஒரு நாள் நின்னா காலு ஒண்ணும் தேஞ்சிடாது. சீக்கிரம்."

மழைக்கோட்டும் முகத்தைப் பாதி மறைத்த தலைமூடியுமாக வந்த காவலாளி நாற்காலியை வைத்தார். "சார், ஒரு நிமிஷம்" என்று ஏதோ சொல்லப் போனார். "எதுவா இருந்தாலும் அப்புறம்" என்று அவரை விரட்டிவிட்டு, கண்காணிப்பாளர் தன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார்.

வீட்டிலிருந்து மனைவி பேசினாள். "வந்தாச்சா அவர்?"

"இன்னும் இல்ல. சிரிச்சுப் பழகிட்டிருக்கேன்."

"அதுமட்டும் வேண்டாங்க. நீங்க வேணும்னு சிரிச்சா பார்க்கறவங்களுக்குப் பயமா இருக்கும். வாயைத் திறக்காம அவர் சொல்றதைக் கேளுங்க, போதும்."

ஒன்பது ஐந்துக்கு வாசல் போன் மறுபடி கரகரத்தது. "சார், சேர்ற விஷயமா ஒருத்தர் வந்திருக்கார்" என்று காதில் விழுந்தது.

"மரியாதையா அனுப்பு" என்றவர் வரவேற்புக்காக வாங்கி வைத்திருந்த பூங்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த எழுத்தர் தும்மினார். அவருக்குப் பூ ஆகாது. அதனால் அவருக்குத் தும்மல்காரர் என்றே பெயர்.

உள்ளே வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தோளில் கனமான பை. கண்காணிப்பாளர் பூங்கொத்தை நீட்டினார். தும்மல்காரர் கைதட்டினார், நடுநடுவே தும்மினார்.

"எனக்கா சார்?" என்றார் வந்தவர்.

"உங்களுக்குத்தான். இனிமே நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்."

வந்தவர் பூங்கொத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மத்த ஆபீஸ்லயெல்லாம் என்னைப் பின்பக்கமா வரச் சொல்வாங்க சார்."

"அவங்களுக்கு மனுஷன் அருமை தெரியல. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. குனிந்து பார்த்தார். கையால் அழுத்தினார். "இது நல்லாத்தானே இருக்கு. நாலு போயிடுச்சுன்னு போன்ல சொன்னாங்களே. இங்க யாருமே நிலையா உட்கார முடியலையாமே."

கண்காணிப்பாளர் ஆணியில் இருந்த குடையை ஓரக்கண்ணால் பார்த்தார். விஷயம் வெளியே பரவிவிட்டது.

"நாலு போனது வாஸ்தவம்தான். ஆனா..."

"பயப்படாதீங்க சார். இந்த மாதிரி எத்தனையோ ஆபீஸ் பார்த்தவன் நான். மேலோட்டமாப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. கோளாறெல்லாம் அடியில இருக்கும். முதல்ல உங்களோடதுலேர்ந்து ஆரம்பிச்சிடலாமா?"

வரவேற்பது எப்படி என்று தலைமை அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. நல்ல தலைவர் தன் குறையைத் தானே ஒப்புக்கொள்வார் என்று அதில் பதினோராவது வரி. கண்காணிப்பாளர் வந்தவரைத் தன் அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"உங்ககிட்ட மறைக்க விரும்பல. எனக்கு முன்கோபம் அதிகம். யாராவது பேச வந்தா பாதியிலயே வெட்டிடுவேன்."

வந்தவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கண்காணிப்பாளரின் நாற்காலிப் பக்கம் போய் அதன் முதுகில் கை வைத்தார். "ரொம்ப இறுக்கமா இருக்கு சார். கொஞ்சம் தளர்த்திவிட்டா உங்களுக்கு முதுகுவலியே வராது."

கண்காணிப்பாளருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் இப்படி முகத்துக்கு நேரே அவரிடம் யாரும் சொன்னதில்லை. மனைவி தினமும் சொல்கிறாள், ஆனால் அது கணக்கில் வராது.

"பையைத் திறந்து வேலையை ஆரம்பிக்கட்டுமா?" என்றார் வந்தவர்.

"முதல் நாளே வேலையா? பாவம் வந்து சேரும்." முதல் நாள் புதியவருக்கு வேலை தரக்கூடாது என்பது மூன்றாவது வரி. பையை வாங்கி அலமாரியில் வைத்தார்.

"சார், வேலையைச் செய்ய விடுங்க. எனக்கு இன்னைக்கு இன்னும் ரெண்டு இடத்துல கூப்பிட்டிருக்காங்க."

கண்காணிப்பாளரின் கை தானாகவே அலமாரியைப் பூட்டியது. ரெண்டு இடம். ஆளைக் கொத்திக்கொண்டு போக ரெண்டு கம்பெனி காத்திருக்கிறது. சாவியைச் சட்டைப் பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நேரம் நகர மறுத்தது. வந்தவருக்கு டீ கொடுத்தார்கள். மறுபடி டீ கொடுத்தார்கள். பார்சல் அலமாரிகளை வரிசையாகச் சுற்றிக் காட்டினார்கள். போகிற வழியில் அவர் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். அவருக்கு இடம் பிடிக்கவில்லை என்று நினைத்து, கண்காணிப்பாளர் தன் சொந்த நாற்காலியையே தூக்கிவந்து போட்டார். வந்தவர் இன்னும் மிரண்டார். மத்தியானம் தன் சாப்பாட்டு டப்பாவை அவர் முன் திறந்து வைத்துவிட்டு, கண்காணிப்பாளர் எதிரே நின்றுகொண்டே அவர் சாப்பிடுவதைப் பார்த்தார். வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை.

"சார், நான் கிளம்பட்டுமா?" என்றார், ஒவ்வொரு அரைமணிக்கும்.

"எதுல குறைன்னு சொல்லுங்க. சரி பண்றேன்."

"குறையே இல்ல சார். அதுதான் பயமா இருக்கு."

இதற்கு நடுவே வாசல் போன் வேறு. "சார், மழை சாரல் அடிக்குது. உள்ள ஆணியில தொங்குதே, அந்தக் குடையாவது கிடைக்குமா?"

"அது மூணாவதா வந்தவரோடது. அவர் திரும்பி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? போனை வைப்பா."

மூன்று மணிக்கு அக்கா வந்தார். ஆபீசிலேயே மூத்த எழுத்தர் அவர்தான், எல்லோருக்கும் அவர் அக்கா. காலையில் பல் வைத்தியரிடம் போயிருந்ததால் கன்னம் வீங்கியிருந்தது. வந்ததும் வராததுமாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆடியது.

"இன்னுமா சரி பண்ணல? சேர் ரிப்பேருக்கு ஆள் வரச் சொல்லியிருந்தேனே. அட, அவர்தான் அங்க உட்கார்ந்திருக்காரே. ஏங்க, கையில பூவை வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

ஆபீசில் தும்மல்கூட நின்றுவிட்டது.

கண்காணிப்பாளர் வாசலுக்குப் போன் போட்டார். "காலைல என்ன சொன்னே? சேர்ற விஷயமா வந்திருக்கார்னுதானே சொன்னே?"

"இல்ல சார். சேர் விஷயமா வந்திருக்கார்னு சொன்னேன்."

"அப்ப சேர்றதுக்கு யார் வந்தா?"

"சார், அதைத்தான் நான் காலைலேர்ந்து..."

கண்காணிப்பாளர் போனை வைத்துவிட்டார். யாரும் வரவில்லை என்பதைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. ஐந்தாமவர் வருவதற்கு முன்பே ஓடிவிட்டார். கிடங்கு நிச்சயம். சைக்கிளின் பின்னால் இனி யார் ஓடுவார் என்று யோசித்தபடி அலமாரியைத் திறந்து பையைக் கொடுத்தார்.

நாற்காலிக்காரர் ஒரு மணி நேரத்தில் அத்தனை நாற்காலியையும் கவிழ்த்து, முடுக்கி, நிமிர்த்தி வைத்தார். ஒன்றுகூட ஆடவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு கிளம்பியவரின் முன்னால் போய் நின்றார் கண்காணிப்பாளர்.

"எனக்கு ஒரு உதவி. ஆறு மணிக்கு ஒரு மேடம் பேசுவாங்க. 'நல்லா கவனிச்சாங்க, நாளைக்கும் வரேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா சார்?"

"பூ கொடுத்தேன், சாப்பாடு கொடுத்தேன். நல்லா கவனிச்சது பொய்யா?"

நாற்காலிக்காரர் யோசித்தார். "நாளைக்கு வந்து இன்னொரு தடவை எண்ணெய் போட்டுட்டுப் போறேன். அப்ப அதுவும் பொய் ஆகாது." அவர் நல்ல மனிதர்.

"இது எங்க போய் முடியுமோ" என்றார் அக்கா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

சரியாக ஆறு மணிக்குப் போன் அடித்தது. "ஆள் இருக்காரா, ஓடிட்டாரா?" என்றார் மேடம். "இருக்கார் மேடம், பக்கத்துலயே இருக்கார்" என்று கண்காணிப்பாளர் போனைக் கொடுத்தார். மேடத்தின் குரல் கணீரென்று எல்லோருக்கும் கேட்டது.

"எப்படி இருக்கு இடம்?"

"நல்லா கவனிச்சாங்க மேடம். நாளைக்கும் வரேன்."

கண்காணிப்பாளருக்கு உயிர் வந்தது. அதோடு போனை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம். உட்கார இடம் கொடுத்தாங்களா?"

"இங்க இருக்கற எல்லா நாற்காலியிலயும் உட்கார்ந்து பார்த்துட்டேன் மேடம்."

அந்தப் பக்கம் மேடம் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நாள் முழுக்க உள்ளேயா இருந்தீங்க?" என்றது மேடத்தின் குரல். "அப்ப வாசல்ல யாரு?"

நாற்காலிக்காரர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் அக்காவைப் பார்த்தார். அக்கா, மேஜைமேல் இருந்த வெள்ளிக்கிழமைத் தாள்களில் ஒன்றை உருவி மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார். அது பழைய காவலாளியின் ராஜினாமாக் கடிதம். அடியில் கண்காணிப்பாளரின் கையெழுத்து அழகாக இருந்தது.

கதவு திறந்தது. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்த மனிதர் தலைமூடியை விலக்கினார். இதுவரை அந்த ஆபீசில் யாரும் பார்த்திராத முகம். குளிரில் உதடு நடுங்கியது, ஆனால் பேச்சில் கோபமே இல்லை.

"சார், இன்னைக்குக் காலைலதான் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தச் சேரைத் திருப்பிக் கொடுத்தீங்கன்னா நாளைக்கும் வருவேன்."