தீப்பெட்டிக்கு வைத்த பொட்டு

நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது. பொய்க்குக் காரணம் ஒரு பொட்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நடுவில் கதையை எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேன். (என் மனைவிக்கு இந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு.)

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே இருந்தது எங்கள் சின்ன கம்பெனி. சுற்றிலும் லாரி லாரியாகக் கம்பி போகும். நாங்கள் செய்வதெல்லாம் உள்ளங்கையில் அடங்கிவிடும். நோயாளியின் உடம்புக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து அனுப்பும் கருவிகளுக்கு வால்வுகள், குழாய் இணைப்புகள். அவற்றை வடிவமைக்கும் பிரிவுக்கு நான் தலைவன். அப்போது வயது ஐம்பத்தாறு. அடக்கம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

அந்த வருடம் நான் ஒரு வால்வு பிளாக் வடிவமைத்திருந்தேன். மருந்து எந்தக் குழாயிலிருந்து எந்தக் குழாய்க்குப் போகவேண்டும் என்று திருப்பிவிடுகிற கட்டை அது. முன்பு டிபன் பாக்ஸ் அளவில் இருந்ததைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினேன். உள்ளே நான்கு வழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசிதான் நுழையும். மாதிரி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலில் பக்கத்து சீட்காரர்களிடமெல்லாம் காட்டினேன். ஒருவர் பீடியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

இதைப் பூட்டுவது கிளீன் ரூமில். தூசி நுழையக்கூடாத அறை. அதற்கான விதிகளை எழுதிக் கதவில் ஒட்டியவன் நானே. பூ கூடாது, பவுடர் கூடாது, விபூதி, சந்தனம், குங்குமம் கூடாது. ஆரம்பாக்கத்திலிருந்து வரும் செல்வி தினமும் கதவருகே நின்று மல்லிகைப்பூவை எடுத்து டிபன் பையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். ஒருநாள் ஸ்டிக்கர் பொட்டோடு போய்விட்டாள் என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தேன்.

"சார், இது பசை போட்டது, உதிராது," என்றாள்.

"மருந்துக் குழாய்க்கு அது தெரியுமாம்மா?" என்றேன். (இந்த வசனத்தில் எனக்கு அப்போது பெருமை வேறு.)

பிளாக்கைப் பார்க்க, கருவி செய்யும் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து டாக்டர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் ஆர்டர். அன்று காலை நான் பிள்ளையார் கோயிலுக்குப் போய், நெற்றியில் சந்தனத்தோடும் இலையில் கொஞ்சம் மிச்சத்தோடும் வந்தேன். மீட்டிங் ரூம் மேசையில், செல்வி துடைத்து, பூட்டி, கவருக்குள் சீல் வைத்த பிளாக் இருந்தது. அறையில் யாருமில்லை. எங்கள் பேட்டையில் புது லேத் வந்தாலும், புது லாரி வந்தாலும், முதலில் ஒரு பொட்டு. என் தீப்பெட்டி மட்டும் என்ன பாவம் செய்தது? கவரைப் பிரித்தேன். நெற்றி என்று பார்த்தால் நடுவில் ஒரு துளை தெரிந்தது. அதன்மேல் கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி வைத்தேன். கும்பிட்டேன். டாக்டர் பார்த்தால் தப்பாயிற்றே என்று உடனே துடைத்தும்விட்டேன். மேலே இருந்தது போயிற்று. உள்ளே போனது உட்கார்ந்து காய ஆரம்பித்தது.

செல்வி குழாய் மாட்ட வந்தாள். "கவர் பிரிஞ்சிருக்குதே சார்?"

"நான்தான் செக் பண்ணேன். நீ மாட்டு."

டாக்டர் தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டையில் வந்தார். மருந்துக்குப் பதிலாக உப்புநீரை வைத்துப் பம்பை ஓட்டினோம். மறுமுனையில் வைத்த கண்ணாடித் தம்ளரில் ஒரு சொட்டுகூட விழவில்லை. "சின்ன வழி சார், கொஞ்சம் டைம் எடுக்கும்," என்றேன். எடுத்தது. பிறகு குழாய் பிளாக்கிலிருந்து தெறித்து எழுந்து, படமெடுத்த பாம்பு மாதிரி ஆடி, உப்புநீரை டாக்டரின் முகத்திலிருந்து இடுப்புவரை நிதானமாக அடித்தது.

கைக்குட்டையால் துடைத்தபடி டாக்டர் மோந்து பார்த்தார். "கோயில் வாசனை வருதே?"

"எங்க சார் ரொம்ப பக்தி," என்றார் முதலாளி, என் நெற்றியைக் காட்டி.

அவர்கள் வெளியே போனதும் துளைக்குள் குண்டூசியை விட்டேன். மஞ்சளாக ஒரு துணுக்கு, கடுகளவு, வெளியே வந்தது. பையில் போட்டுக்கொண்டேன்.

முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். "குழாய் சரியா மாட்டலைபோல," என்றேன். யார் மாட்டியது என்றார். "செல்வி."

திங்கட்கிழமை முதல் அவளுக்குக் காக்களூரில் இருக்கும் எங்கள் இன்னொரு யூனிட்டில் பேக்கிங் வேலை என்று உத்தரவாயிற்று. ஆரம்பாக்கத்திலிருந்து காக்களூருக்கு ஒரு ரயில், இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. வேலையை விடு என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை அவள் லாக்கர் சாவியைக் கொடுக்க என் மேசைக்கு வந்தாள்.

"நைனா வேலைய உட்டுடுன்றாரு சார். புள்ளைய ஸ்கூல்ல உட்டுக்கினு காக்களூருக்கு எப்போ போறது?"

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அணைந்திருந்தது.

"ஒண்ணு கேக்கவா சார்? ரூமுக்குள்ள என் மல்லிப்பூவே வரக்கூடாது. அப்புறம் அன்னிக்கு நான் தொடைச்ச தண்ணியில இன்னாத்துக்கு சார் சந்தன வாசனை?"

சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் எழுந்து முதலாளி அறைக்குப் போய், காகிதத்தில் மடித்து வைத்திருந்த துணுக்கை அவர் மேசையில் வைத்தேன்.

"இன்னா சார், பிரசாதமா?" என்றார். சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். "காக்களூர்ல ஒரு ஆளு வேணுமே சார். ஏற்கெனவே சொல்லிட்டேன்."

"நான் போறேன்," என்றேன். வேண்டாம் என்பார் என்று ஒரு நப்பாசை. "ஒரு மாசம் போதும்," என்றார்.

செல்வியிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், நான் விசாரிச்சு வச்சேன், காக்களூர் பஸ்ஸுல உங்களுக்கு ஜன்னல் சீட்டு கிடைக்கும்," என்றாள். டாக்டருக்கும் போன் செய்தேன். அவர் சிரித்து முடித்தபின், "சந்தனம் அடைச்சதுன்னா வேற எதுவும் அடைக்கும். துளை வாசல்ல ஒரு வடிகட்டி வைக்கக்கூடாதா?" என்றார்.

காக்களூரில் ஒரு மாதம் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன். முதல் நாள் என் கைக்கடிகாரத்தையும் சேர்த்து ஒட்டி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்து பிளாக்கில் வடிகட்டி சேர்த்தேன். தீப்பெட்டி கொஞ்சம் பருத்து சோப்புப் பெட்டியாயிற்று. ஆர்டர் வந்தது. அந்த வடிகட்டிக்கு வரைபடத்தில் ஒரு நீளமான எண் உண்டு. பட்டறையில் எல்லோருக்கும் அது 'சாரோட பொட்டு'. வீட்டில் குழாய் அடைத்துக்கொண்டால், "உண்மையைச் சொல்லுங்க, சாமி கும்பிட்டீங்களா?" என்பாள் என் மனைவி.

அதற்குப் பிறகு கிளீன் ரூமுக்குள் போகும்போதெல்லாம் செல்வி ஈரத்துணியோடு என் நெற்றியைப் பரிசோதித்துத்தான் விடுவாள். அவளே அந்த அறைக்குச் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். நான் ஓய்வு பெற்ற அன்று கேட்டுக்கு வெளியே வரை வந்தாள். டிபன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். சந்தனம்.

"குனிங்க சார். இனிமே வச்சுக்கலாம். உள்ளதான் வரமாட்டீங்களே."