அரை இஞ்சுக் குழாயும் ஆயிரம் அடி மருதாசலமும்

"இனிமேல் என்ற ஊட்டு வாசப்படிய எந்தப் பிளம்பரும் மிதிக்கப்படாது. சொல்லிப்போட்டேன்!"

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, பல்கூட விளக்காமல் மருதாசலம் எடுத்த சபதம் இது. கேட்க இருந்தது அவன் பொண்டாட்டி அகல்யா ஒருத்திதான். அவளும் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்டது பெரிய கேள்வி ஒன்றுமில்லை. "சமையல்கட்டுக் கொழாயும் பாத்ரூம் கொழாயும் எத்தன திருகுனாலும் நிக்க மாட்டேங்குதுங்க. பிளம்பர வரச் சொல்லட்டுங்களா?" என்றாள். அவ்வளவுதான். மருதாசலத்துக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

ஏறாதா பின்னே? அவன் யார்? ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பதினெட்டு வருசமாகப் போர் போடுகிறவன். நாகபுரியில் பாறை, ராய்ப்பூரில் களிமண், ராஜஸ்தானில் வெறும் மணல் என்று ஊரூராகப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன். மழைக்காலம் வந்தால் ரிக்குக்கு ஓய்வு. அந்த ரெண்டு மாசம் வீட்டில் இருப்பான். இருக்கிற ரெண்டு மாசமும் கோபமாகவே இருப்பான். ஆயிரம் அடிக்குக் கீழே இருப்பதெல்லாம் அவன் சொன்னபடி கேட்கிறது. தரைக்கு மேலே இருக்கிற ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் ஆத்திரம்.

"ஆயிரம் அடியில இருந்து தண்ணி எடுக்கறவனுக்கு அரை இஞ்சுக் கொழாய் மாத்த ஆளு வேணுமா? ஊரு சிரிக்காதா புள்ள?"

"ஊரு எதுக்குங்க சிரிக்குது? அது பெரிய வேலைங்க. இது சின்ன வேலை. சின்ன வேலைக்கு நெதானம் வேணுமுங்க."

"அப்ப எனக்கு நெதானம் இல்லீங்கறயா!" என்று வீடே அதிரக் கத்தினான்.

"ச்சே, நான் அப்படிச் சொல்லுவனுங்களா?"

பால் பொங்கியது. அகல்யா இறக்கி வைத்தாள்.

இந்தக் குழாய்ச் சண்டைக்கு வயசு மூணு. வீடு மருதாசலத்தின் அப்பா கட்டியது. சமையல்கட்டுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே ஒரே சுவர். அதற்குள் பதித்திருந்த இரும்புப் பைப் துருப்பிடித்து, காலையில் திறந்தால் முதல் அரைக் குடம் டீ நிறத்தில் வரும். பாப்பா வெண்ணிலாவின் பள்ளிக்கூடச் சட்டை வெள்ளை நிறம் என்பது டீச்சருக்கும் மறந்துபோச்சு. சமையல்கட்டில் குழாயைத் திறந்தால் நூல் மாதிரி வரும். மூடினால் அந்த நூலும் அறுந்துவிடாது. வெளித் தொட்டியிலிருந்து குடம் குடமாகச் சுமந்துதான் அகல்யா சமைத்தாள். சுவரைப் பேர்த்து, பழைய பைப்பைக் கடாசிவிட்டுப் புது லைன் போடலாம் என்று மூணு வருசமாகக் கேட்கிறாள். மூணு வருசமாக ஒரே பதில்தான்.

"எங்கப்பன் கட்டுன செவுரு. அதுல உளி வெச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

நல்ல கோவம் எப்போது வந்தது என்று அவள் கேட்டதில்லை.

ஒரே ஒரு தடவை, போன மழைக்காலத்தில், எதிர்த்து வாயைத் திறந்தாள். "வருசத்துல ரெண்டு மாசம் நீங்க இருக்கறீங்க. மிச்சம் பத்து மாசமும் இந்தக் கொழாய்கூடத்தானுங்க நான் குடும்பம் நடத்தறேன்." குரல் ஏறவில்லை. ஆனால் இடுப்பிலிருந்த குடத்தைத் தரையில் வைத்த வேகத்தில் அதன் அடி நசுங்கிப்போச்சு. மருதாசலம் மறுநாளே போய்ப் புதுக் குடம் வாங்கி வந்தான். பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைத்துக்கொண்டான்.

அதனால்தானோ என்னவோ, இந்தத் தடவை அகல்யா சுவரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"செவுத்தத் தொட வேண்டாமுங்க. ரெண்டு புதுக் கொழாய் வாங்கியாந்து வெச்சிருக்கறேன். பழச மெதுவாக் கழட்டிட்டு இத மாட்டுனாப் போதும்" என்றவள், ஒரு நிமிசம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களால ஆகுமுங்களா?"

உங்களால ஆகுமுங்களா!

மருதாசலம் எழுந்தான். வண்டியிலிருந்து கொண்டுவந்து கட்டிலுக்கடியில் போட்டிருந்த பைப் ரெஞ்சை இழுத்தான். ஒரு கை நீளம், ஒரு கைக்குழந்தையின் கனம். பாறைக்குள் இறங்குகிற இரும்பு ராடுகளை முறுக்குவதற்கென்றே பிறந்த சாமான் அது. அதைத் தோளில் சார்த்திக்கொண்டு பாத்ரூமுக்குள் போனான். உள்ளே வெண்ணிலா தலை பூராவும் சோப்பு நுரையோடு நின்றாள்.

"அப்பா, கண்ணு எரியுது!"

"சித்த பொறு சாமி. அப்பா அஞ்சு நிமிசத்துல மாத்தீர்றேன்."

மொட்டைமாடிக்கு ஏறி வால்வை மூடிவிட்டு வந்தான். அதற்குள் அகல்யா பிள்ளையைத் தூக்கிப்போய்த் தொட்டித் தண்ணீரில் தலையை அலசிவிட்டாள்.

பழைய பித்தளைக் குழாய் சொன்னபடி கழன்றது. புதுசின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி மாட்டி முறுக்கினான். முறுக்கி முடித்துப் பார்த்தால், குழாயின் வாய் கீழே பார்க்கவில்லை. பக்கத்துச் சுவரைப் பார்த்தது.

"ஏனுங்க, வாய் கோணயா இருக்குதாட்டத் தெரியுது..."

"இப்பெல்லாம் அப்படித்தான் வருது. புது மாடல்!"

"அப்ப வாளியச் செவுத்துல ஒட்டி வெச்சுக்கறதுங்களா?"

மருதாசலம் பல்லைக் கடித்தான். இன்னும் ஒரு முறுக்கு. வாய் கீழே திரும்பியது. அதே நேரம் சுவருக்குள் எங்கோ 'நெரக்'கென்று ஒரு சத்தம். அவன் அதைக் கேட்கவில்லை. கேட்காததுபோல ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தான்.

அங்கேயும் பழசு கழன்றது. புதுசு ஏறியது. மாடிக்குப் போய் வால்வைத் திறந்துவிட்டு, வெற்றி நடை போட்டு இறங்கி வந்தான். வந்து பார்த்தால், குழாய் சுவரைத் தொடுகிற இடத்தில் ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு.

அகல்யா பக்கத்தில் நின்றாள். நிற்காமல் இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பான்.

"ஒரு சொட்டுத்தானுங்க. உட்டுருங்க."

ரெஞ்சைப் போட்டுக் கால் சுற்று சுற்றினான்.

"போதுமுங்க. பழைய பைப்பு."

அரைச் சுற்று.

"ஐயோ, அத்தன இறுக்க வேண்டாமுங்க. பிளம்பரா இருந்தா இந்நேரம் நிறுத்தியிருப்பாரு..."

"வாய மூடறயா இல்லயா! ராடு முறுக்கற கைடி இது!"

முழுச் சுற்று.

'டப்'பென்றது. குழாய் கையோடு வந்தது. குழாயோடு சுவருக்குள்ளிருந்த இரும்பும் பாதி வந்தது. அடுத்த நொடி அந்த ஓட்டையிலிருந்து டீ நிறத் தண்ணீர் சீறி வந்து மருதாசலத்தின் நெஞ்சில் அடித்தது. அவன் ரெஞ்சைப் போட்டுவிட்டு ரெண்டு கையாலும் ஓட்டையை அடைத்தான். தண்ணீர் விரலிடுக்கு வழியாக முகத்துக்குத் திரும்பியது.

"ஓடு புள்ள! வால்வ மூடு!"

"எந்தப் பக்கம் திருகறதுங்க?"

"சோத்தாங்கைப் பக்கம்!"

"என்ற சோத்தாங்கைங்களா, உங்களதுங்களா?"

"அடியே!"

அகல்யா ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். ஊரில் ஒரு வீட்டில் டம்ளர் உருண்டாலும் வந்து நிற்கிற அம்மா அது.

"ஏஞ்சாமி மருதாசலம், ஊட்டுக்குள்ளயே போர் போட்டுட்டயா?"

"நீங்க சும்மா போங்க!"

"கோவிக்காத சாமி. தண்ணி நல்லாத்தான் வருது. எத்தன அடியில கெடச்சுது?"

மேலே வால்வு மூடிய பிறகு தண்ணீர் நின்றது. மருதாசலத்தின் கோபம் நிற்கவில்லை. உடைந்த இரும்பின் மிச்சம் சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு அவனைப் பார்த்து இளித்தது. நாலு விரல் அகலம் பேர்த்தால் எடுத்துவிடலாம். உளியையும் சுத்தியலையும் எடுத்தான்.

"ஏனுங்க, மாமனார் கட்டுன செவுருங்க..."

"செவுரு என்ன பெரிய செவுரு! மனுசன் முக்கியமா, செவுரு முக்கியமா?"

அகல்யா தலையைக் குனிந்துகொண்டாள். நாலு விரல் பேர்த்தான். அங்கே பைப் சொத்தை. தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. சரி, நல்ல இடம் வரட்டும் என்று ஒரு சாண் பேர்த்தான். அங்கேயும் சொத்தை. ஒரு முழம் பேர்த்தான். ஒவ்வோர் அடிக்கும் ஒருவரைத் திட்டினான். பைப் செய்தவனைத் திட்டினான், பதித்தவனைத் திட்டினான், கடைசியில் சுவர் கட்டிய அப்பனையே திட்டினான். ஓங்கிப் போட்ட ஓர் அடியில் சுவருக்குள் வெளிச்சம் தெரிந்தது. பாத்ரூம் வெளிச்சம். அந்தப்பக்கமிருந்து ஒரு சின்னக் கண் இந்தப்பக்கம் பார்த்தது.

"அம்மா! இங்கிருந்து பாத்தா அப்பா தெரியறாரு!" என்று குதித்தாள் வெண்ணிலா.

மருதாசலம் இடிந்த காரை மேலேயே உட்கார்ந்தான். வேட்டி, பனியன், மீசை எல்லாம் துரு நிறம். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி சொன்னான்.

"நான் ஒரு முடிவு பண்ணிட்டேன்."

"சொல்லுங்க."

"இந்தப் பழைய லைனே வேண்டாம். மொத்தத்தையும் கடாசிட்டுப் புது லைன் போட்டரோணும். ரெண்டு பக்கமும் புதுக் கொழாய். நான் சொன்னாச் சொன்னதுதான். யாரும் குறுக்க பேசப்படாது!"

"நான் எதுக்குங்க குறுக்க பேசறேன்?" என்றாள் அகல்யா.

"எந்தப் பிளம்பரையாவது கூப்புடு. நான் வரச் சொன்னேன்னு சொல்லு."

அகல்யா போனைத் தேடக்கூட இல்லை. வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பிளம்பர் கந்தன் இறங்கினான். வண்டியின் பக்கவாட்டில் ஒரு கட்டுப் புதுப் பைப், முன்னால் அரை மூட்டை சிமெண்ட். நேராகச் சமையல்கட்டுக்குள் வந்து, சுவரை மேலும் கீழும் பார்த்து, டேப்பை நீட்டி ஓட்டையை அளந்தான். அவன் முகத்தில் நல்ல திருப்தி.

மருதாசலம் துள்ளி எழுந்தான். "டேய், உன்னைய இன்னும் கூப்புடவே இல்ல. ஆருடா வரச் சொன்னது?"

"அக்காதானுங்கண்ணா. சனிக்கிழம பதினொரு மணிக்கு வந்துரோணும்னு போன வாரமே சொல்லிட்டாங்க."

மருதாசலம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். அகல்யா அடுப்புப் பக்கம் திரும்பி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். மூணு டம்ளர்.

"போன வாரமா? நான் இந்தக் கொழாயில கை வெச்சதே இன்னைக்குக் காத்தாலதானடா!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்கண்ணா" என்றான் கந்தன், பைப் கட்டை அவிழ்த்துக்கொண்டே. "நீ உளி, சுத்தியல் எதுவும் கொண்டார வேண்டாம், செவுரு ஒடைக்கற வேலைய எங்க ஊட்டுக்காரரே முடிச்சு வெச்சிருவாருன்னு அக்கா சொன்னாங்க."