பிரபு வீட்டுக்கு வந்த நொத்தாரிசு

உலகத்தில் எந்தக் காதல் கதையையும் நிம்மதியாக முடிய விடாத ஒரே பெண்மணி எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தார். பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. ‘பாகம் ரெண்டு அக்கா’ என்றால் கட்டடத்துக் காவலாளிக்கும் தெரியும்.

நாங்கள் எழுதும் மென்பொருளில் பிழை பிடிப்பது அவர் வேலை. அந்தக் கண்ணை அவர் வாசிக்கும்போதும் கழற்றி வைப்பதில்லை. இருநூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துக் காதல் நாவல்கள் அவருக்கு உயிர். குதிரை வண்டி, நடன விருந்து, முறைப்பான பிரபு, வாய்க்காரப் பெண், கடைசியில் கலியாணம். அவற்றுக்கு இந்தக் காலத்தவர்கள் எழுதும் தொடர்ச்சிகளையும் தேடி வாசிப்பார். வாசித்ததும் என் மேசைக்கு வருவார்.

“எடி பிள்ளை, உவள் எழுதின பாகம் ரெண்டிலை பிரபு வீட்டிலை கொலையாம். கொலை கிடக்கட்டும். நாயகியின்ரை தேப்பன் செத்தால் அந்த வீடு ஆருக்கு? தூரத்து மச்சானுக்கு! கலியாணம் கட்டாத தங்கச்சி றோட்டிலையோ நிக்கிறது?”

“அக்கா, அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டம் அது.”

“சட்டமோ! வீட்டுப் பத்திரம் எழுத அந்த ஊரிலை ஒரு நொத்தாரிசும் இல்லையோ?”

கோபத்தின் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கம் வீடு சீதனமாகப் பெண்பிள்ளைக்குத்தான். ஆனால் அக்காவின் அப்பா, “இவளுக்குக் கலியாணம் பேசேக்கை மாத்தி எழுது” என்று சொல்லி, கரவெட்டி வீட்டை மகன் பெயரில் எழுதிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். கலியாணம் பொருந்தவில்லை. அக்கா அந்த வீட்டில் தனியே இருந்தார். கனடாவில் இருந்த அண்ணர் வீட்டை விற்க வரப்போவதாகச் சொல்லிவிட்டார்: “கலியாணமே இல்லையாம், பிறகென்ன சீதனம்?”

அன்றே அக்கா தானும் ஒரு பாகம் இரண்டு எழுதத் தொடங்கினார், புனைபெயரில், கைப்பேசிக் கதைச் செயலி ஒன்றில். எனக்குக் கோபம் வராது, வந்தால் வரிசைப்படுத்துவேன். ஒன்று, அத்தியாயத்தை ஏற்றுவது நான். இரண்டு, எழுத்து உடைந்தால் ஒட்டுவது நான். மூன்று, நொத்தாரிசு.

அக்காவின் கதையில் லண்டனிலிருந்து குதிரை வண்டியில் வந்த அந்த நொத்தாரிசு, கிணற்றுப் பங்கு, வாய்க்கால் உரிமை உட்பட வீட்டைத் தங்கச்சிக்குக் கொடுக்கும் நன்கொடை உறுதிப் பத்திரத்தை எழுதி முடித்துவிட்டு, மச்சானின் கையெழுத்துக்காக மாளிகை விறாந்தையில் குந்தியிருந்தார். அத்தியாயம் அத்தியாயமாகக் குந்தியிருந்தார்.

“ஒரு கையெழுத்துத்தானே அக்கா? போட்டுவிடுங்கோவன்!”

“காரணமில்லாமல் ஒருத்தன் வீட்டைக் குடுப்பானோ? ஆர் நம்புவினம்? எனக்கு அண்ணையைத் தெரியாதோ?”

அண்ணர் மனைவியோடு வந்து இறங்கினார். “நீ வந்து ஏதும் கதைச்சுப் பார்” என்று அக்கா என்னைக் கரவெட்டிக்கு இழுத்துப் போனார். ஐந்து நியாயங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். முதலாவதைச் சொல்லும்போதே அண்ணர், “தங்கச்சி, திங்கட்கிழமை ஆள் வீடு பாக்க வருது” என்று முடித்துவிட்டார். அண்ணி கைப்பேசியிலிருந்து தலையே நிமிர்த்தவில்லை.

திடீரென்று அண்ணி கத்தினார். “உந்த நொத்தாரிசு மனுசன் எத்தினை கிழமையாய் விறாந்தையிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்! அந்த மூதேவி மச்சான் ஒரு கையெழுத்து வைச்சால் என்ன? கலியாணம் கட்டாட்டி அவளுக்குக் கூரை வேண்டாமோ?”

அக்கா தேநீர்த் தட்டத்தை அப்படியே அண்ணர் முன் வைத்தார். நான்தான் சொன்னேன்: “அண்ணி, அதை எழுதிறது இவதான்.”

அண்ணி அக்காவைப் பார்த்தார். சுவரை, முகட்டைப் பார்த்தார். கடைசியாகக் கணவரைப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ. நீங்களே அந்த மச்சான்?”

அண்ணருக்குத் தேநீர் புரைக்கேறியது. “கதை வேறை, இது வேறையப்பா…”

“என்ன வேறை? கனடாவிலை இந்தக் கதை வாசிக்கிற நாங்கள் எல்லாரும் உங்களைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறம்!”

திங்கட்கிழமை வீடு பார்க்க வந்தவர் பூட்டியிருந்த வாசல் படலையோடு திரும்பினார். அண்ணரும் அக்காவும் நெல்லியடியில் ஒரு நொத்தாரிசிடம் போயிருந்தார்கள். அந்த வாரமே கதையில் மச்சானும் கையெழுத்து வைத்தான். காரணம் அவன் மனைவி.

நான் இப்போது வேறு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். வீடு என்றது அக்காவின் முன் அறை. “சும்மா பூட்டிக் கிடக்குது, வந்திரு பிள்ளை” என்றார். வாடகை பேசினால் அடிக்க வருகிறார். இதை எழுதும்போதுகூட, எவளோ எழுதிய பாகம் இரண்டைப் பிடித்துப் பக்கத்து அறையில் உரத்துத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு வரி எழுத விடுகிறாரில்லை.

கதவு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சாத்த மனம் வரவில்லை.