நாற்பத்தொரு தரம் செத்த துரைச்சாணியின் கல்வெட்டு

டோர்ட்மண்ட்,
14.11.1986

பேரன்புக்கும் மதிப்புக்கும் உரிய அத்தான் அரியரத்தினம் அவர்கட்கு,

உங்கள் மைத்துனன் சோதிலிங்கம், இந்தக் குளிரில் இரண்டு சோடி காலுறையும் போட்டுக்கொண்டு எழுதுவது. நல்லூரான் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். சுகத்தைப் பற்றி மட்டும் கேட்காதேயுங்கோ. அங்கே நீங்களும் அக்காவும், உங்கள் வீட்டில் ஒதுங்கியிருக்கும் என் புஸ்பவதியும் பெண்பிள்ளைகள் இரண்டும், உங்கள் அச்சுக்கூடமும் ஷெல் ஒன்றும் படாமல் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

இத்துடன் ஒரு கல்வெட்டு எழுதி அனுப்புகிறேன், செத்தவீட்டு முப்பத்தொராம் நாளுக்கு நாங்கள் அடிக்கும் அதே புத்தகம்தான். வழக்கம்போல ஐம்பது பிரதி, நீல மட்டை, முகப்பில் படம். யார் செத்தது என்று பதறவேண்டாம். ஆள் இன்னும் சாகவில்லை. அதனால் செத்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். உயிரோடு இருப்பவருக்குக் கல்வெட்டா, உனக்குக் குளிரில் மூளை உறைந்துவிட்டதா என்று நீங்கள் கத்துவது எனக்கு இங்கே கேட்கிறது. முழுவதும் வாசித்துவிட்டுப் பிறகு கத்துங்கோ.

அகதி விண்ணப்பம் போட்ட எங்களை இங்கே வேலை செய்ய விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் சும்மா இருக்கவும் விடமாட்டார்கள். அரசாங்கக் கச்சேரியில் இருபத்தாறு வருடம் கதிரையில் இருந்து கையெழுத்து வைத்த என்னை, ஒரு முதியோர் இல்லத்தில் இலை கூட்ட அனுப்பினார்கள். ஐயோ அத்தான், இந்த நாட்டு மரங்களுக்கு வெட்கமில்லை, கூட்டி முடித்துத் திரும்பினால் மறுபடியும் கொட்டிக்கொண்டு நிற்கும். அப்படி ஒரு நாள் கூட்டிக்கொண்டு நிற்கையில், மரத்தடி வாங்கில் குந்தியிருந்த ஒரு கிழவி, “நீர் கூட்டிறதைப் பாத்தால் மூன்றாம் அங்கத்திலை சாகப்போற வேலைக்காரன் மாதிரிக் கிடக்கு” என்று ஆங்கிலத்தில் சொன்னார். (அவரது ஆங்கிலத்தை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அந்த அரைகுறை ஆங்கிலம் ஒன்றுதான்.) அவர்தான் மதாம் ஒடில் பெர்னாக். வயது எண்பத்து மூன்று. கண்ணுக்கு மை, கழுத்தில் நரித்தோல், மூக்கு எப்போதும் கூரையைப் பார்த்தபடி. வெள்ளைக்காரத் துரைச்சாணி, பிரான்சின் நாடக, திரைப்பட நடிகை.

அவர் சரித்திரத்தைக் கேளுங்கோ. லியோன் நகரில் வெதுப்பகக்காரர் ஒருவரின் கடைசி மகள். பதினாறு வயதில் நாடகக் கொம்பனியோடு ஓடிப்போனவர். முப்பது வருடம் மேடை. கதாநாயகியாகவே நடித்தாராம், அதுவும் சாகிற கதாநாயகியாக. நஞ்சு குடித்து ஒன்பது தரம், சயரோகத்தால் பதினொரு தரம், கத்திக்குத்து, ஆற்றில் குதித்தல், தலைவெட்டு என்று மொத்தம் நாற்பத்தொரு நாடகத்தில் செத்திருக்கிறார். ஒவ்வொரு சாவின் கடைசி வசனமும் எழுத்துப் பிசகாமல் பாடம். மூன்று படத்திலும் நடித்தாராம். சுருள் எல்லாம் போரில் எரிந்துவிட்டதாம். போர் முடிந்து ஒரு ஜெர்மன்காரரைக் கட்டி, சொந்த ஊரே காறித் துப்ப இங்கே வந்து, அவரையும் புதைத்துவிட்டு இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. லியோனில் தமக்கையின் மகள், ஒரு பெறாமகள், கடிதமும் போடுவதில்லை.

இதிலே எனக்கு வயிறு எரிந்த இடம் ஒன்று உண்டு, அத்தான். அவர் படம் எரிந்தது என்றால் இல்லத்தில் உள்ள அத்தனை பேரும் “பாவம்” என்கிறார்கள். என் வீட்டு உறுதிப் பத்திரம் எரிந்தது என்றால் அகதி அலுவலகத்தில், “வேறு பிரதி உண்டா?” என்கிறார்கள்.

என் முதல் விசாரணை எப்படிப் பாழாய்ப் போனது என்று நான் உங்களுக்கு எழுதவில்லை, வெட்கத்தில். “ஏன் உங்கள் நாட்டை விட்டு வந்தீர்கள்?” என்று கேட்டார்கள். முப்பது வருடம் செத்தவர்களின் சரித்திரம் எழுதிய கை அல்லவா, எந்தச் சரித்திரத்தையும் எனக்கு ஒரே ஒழுங்கில்தான் தொடங்கத் தெரியும். ஊர்ச் சிறப்பு சொன்னேன். பாட்டனார் கோயிலுக்குக் கேணி வெட்டிய பெருமை சொன்னேன். தகப்பனார், தாயார், கல்வி, உத்தியோகம், திருமணம். புஸ்பவதியின் குணநலன்களுக்கு வந்தபோது அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். வீடு எரிந்த நாளுக்கு நான் வந்து சேருமுன் நேரம் முடிந்துவிட்டது. நம்பத்தக்க காரணம் எதுவும் கூறப்படவில்லை என்று பதில் வந்தது. உண்மைதானே, நான் எங்கே கூறினேன்? எங்கள் அறையில் இருக்கும் ஜேசுரட்ணம், “அண்ணை, கேணிக்கு அசைலம் குடுக்கமாட்டாங்கள்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

மேன்முறையீட்டுக்கு ரெர்மின், அதுதான் விசாரணைத் தேதி, வந்தது, ஒக்டோபர் 28. வென்றால் புஸ்பவதியையும் பிள்ளைகளையும் கூப்பிடலாம். தோற்றால் என்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். இதை மதாமிடம் சொன்னேன். அவர், “எனக்கு முன்னாலை ஒருக்கால் சொல்லிக் காட்டும்” என்றார். சொன்னேன். கேணிக்கு வந்தபோதே போதும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

“நீர் சொல்லேக்கை உம்மட வீடு எரியேல்லை, ஆரோ ஒருத்தரின்ரை வீடு எரியுது. அண்டைக்கு உமக்கு மறக்கேலாதது என்ன? அதை மட்டும் சொல்லும்.”

அத்தான், நான் உங்களுக்குக்கூடச் சொல்லாததை அந்தக் கிழவியிடம் சொன்னேன். ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கைப் பாதையால் வருகினம் என்றதும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பின்வேலியால் ஓடினோம். ஓடும்போது கொட்டிலில் எங்கள் பசு சிவப்பி கட்டியபடி நின்றாள். கயிற்றை அவிழ்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். நான் அவிழ்க்கவில்லை. பனங்கூடலுக்குள் கிடக்கும்போது அவள் கத்தியது கேட்டது. பிறகு கேட்கவில்லை. புஸ்பவதி இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“மாட்டிலை தொடங்கும்” என்றார் மதாம்.

“மாட்டைச் சொல்லியோ கோர்ட்டிலை தொடங்கிறது? அவமானம்!” என்றேன்.

“அப்ப கேணியோடை திரும்பிப் போம்.”

மூன்று மாதம் ஒத்திகை. வாங்கில் அவர் நீதவான், விளக்குமாற்றோடு நான் வழக்காளி. எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்று உயிரை எடுத்துவிட்டார். கைம்மாறாக அவர் கேட்டது ஒன்றுதான். எங்கள் ஊரில் செத்தவருக்கு முப்பத்தொராம் நாள் சரித்திரப் புத்தகம் அடிப்போம் என்று நான் ஒரு நாள் உளறிவிட்டேன். “எனக்கும் ஒன்று வேணும். சாக முதல் பிழை திருத்தித் தருவன்” என்றார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். பிள்ளைகள் அழுவதாக எழுதும் மக்கள் புலம்பல் எங்கே என்று கேட்டார். மக்கள் இல்லையே என்றதும் முகம் விழுந்துவிட்டது, அதனால் ரசிகர் புலம்பல் என்று பன்னிரண்டு வரி சேர்த்திருக்கிறேன். சரித்திரப் பகுதி இப்படித் தொடங்கும்:

நாற்பத் தொருமுறை நாடக மேடையிலே
தோற்காமற் செத்த துரைச்சாணி

ஊரில் நான் எழுதிய கல்வெட்டுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தனை கஞ்சனை வள்ளலாக்கினேன், எத்தனை குடிகாரனைச் சிவபக்தனாக்கினேன், எல்லாம் நீங்கள்தானே எழுத்துக் கோத்தீர்கள். என் வாழ்நாளில் ஒரு பொய்யும் கலக்காமல் உண்மை மட்டும் எழுதிய கல்வெட்டு இது ஒன்றுதான்.

இனி வழக்கு. மதாம் மை பூசி, நரித்தோல் போட்டு, பார்வையாளர் வரிசையில் வந்து இருந்தார். நீதவான் என்னைப் பார்த்து, “சொல்லுங்கள்” என்றார். என் வாயிலிருந்து என்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்? “வடமராட்சியிலே, நீர்வளமும் நிலவளமும்...” மொழிபெயர்ப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். அதோடு எனக்கு எல்லாம் நின்றுவிட்டது. தமிழும் இல்லை, இங்கிலீசும் இல்லை, நாக்கு மரக்கட்டை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அப்போது முதுகுக்குப் பின்னால், காதுக்குள் ஊதினாற்போல, ஆனால் அந்த மண்டபம் முழுதும் கேட்க, ஒரு குரல்.

“மாடு.”

நீதவான் நிமிர்ந்து, “யார் பேசியது?” என்றார்.

“ஒருத்தரும் இல்லை. நான் இஞ்சை இல்லை” என்றார் மதாம்.

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மாட்டைச் சொன்னேன். பழக்கிய மூச்சு, நிறுத்தம், ஒன்றும் வரவில்லை. ஒழுங்கில்லாமல் கொட்டினேன், பாதியில் அழுதும்விட்டேன். பின்னாலிருந்து பார்வையாளர் ஒருவர் சாட்சியைச் சொல்லிக் கொடுத்த வழக்கு எங்கேயாவது வென்றதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கிழவி நல்லது செய்யப் போய் என் கதையை முடித்துவிட்டார். வெளியே வந்து அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். “வசனம் நிக்கேக்கை என்னாலை சும்மா இருக்கேலாது” என்றார், அவ்வளவுதான்.

ஆகவே அத்தான், புஸ்பவதி ஜெர்மன் குளிருக்கென்று யாழ்ப்பாணத்து வெயிலில் வேர்த்துக்கொண்டு பின்னும் கம்பளிச் சட்டைகளை நிறுத்தச் சொல்லுங்கோ. பக்குவமாகச் சொல்லுங்கோ. மதாமின் படம் கிடைத்தால் இதற்குள் வைத்து அனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் அச்சுக்கூடத்து எழுத்துகள் தேய்ந்தாலும் நீங்கள் தேயாமல் நூறாண்டு வாழ அந்த நல்லூரான் துணை நிற்பான்.

இங்ஙனம்,
தங்கள் மைத்துனன்,
வே. சோதிலிங்கம்

பி.கு. (3.12.1986): படத்துக்காகக் காத்திருந்து கடிதம் மேசையிலேயே கிடந்தது. மேலே எழுதியது எல்லாவற்றையும் மறந்துவிடுங்கோ. நேற்று நீதிமன்றக் கடிதம் வந்தது. என்னை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அத்தான்! மனுதாரர் தடுமாறியதும் சொல்வது அறியாமல் நின்றதும், அவர் எதையும் பாடமாக்கி வரவில்லை என்பதைக் காட்டுவதாக எழுதியிருக்கிறார்கள். மூன்று மாத ஒத்திகைக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்தீர்களா! புஸ்பவதி பின்னட்டும். கையுறையும் பின்னட்டும்.

இதை மதாமிடம் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை. நவம்பர் 28, கார்த்திகை அபரபக்கத் துவாதசி, வெள்ளிக்கிழமை காலமானார். திதி வெண்பாவை நீங்களே எழுதிச் சேருங்கோ, எனக்குக் கை வரவில்லை. செத்தவீட்டுக்கு லியோனிலிருந்து பெறாமகள் படத்தோடு வந்தார். நாடகக் கொம்பனிப் படம், கடைசி வரிசையில் மதாம், கையில் வசனக் கொப்பி. “சின்னம்மா நடிகையே இல்லை. ஒரு நாளும் மேடையிலை ஏறினதில்லை. மேடைக்குக் கீழை பெட்டிக்குள்ளை இருந்து நடிகைமாருக்கு வசனம் எடுத்துக் குடுத்தவ” என்று ஆங்கிலத்தில் சொன்னார். படம் மூன்றும் பொய்யாம். நாற்பத்தொரு சாவும் வேறு பெண்கள் செத்தது, வார்த்தை மட்டும் இவருடையது.

ஒரு எழுத்தும் மாற்றவேண்டாம். நடிகை என்றே அடியுங்கோ. பொய் சொல்லாத கல்வெட்டு அடித்து எங்களுக்கென்ன பழக்கம்?

அந்த வெள்ளிக்கிழமை பகல் நான் இலை கூட்டிக்கொண்டிருந்தபோது தாதி வந்து கூப்பிட்டாள். கட்டிலடியில் நின்றேன். மதாம் பிரெஞ்சில் ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டார். வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக் காத்திருந்தார். எடுத்துக் கொடுக்க எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அத்தான்.