தொப்பியில் பூ வைத்த சிட்டிசன்

அமெரிக்காவில் எங்கள் பிலடெல்பியா துறைமுகத்துக்கு ரம் வருகிறது, சர்க்கரை வருகிறது, கூடவே எலியும் வருகிறது. ஆனால் எந்தக் கப்பலிலும் வராமல், இங்கேயே முளைத்து, இங்கேயே கொழுத்து, கடலுக்கு அந்தப் பக்கம் இரண்டு நாடுகள் போடுகிற சண்டையை என் மதுக்கடை மேசையில் உட்கார்ந்து நடத்துகிற ஓர் இனம் இருக்கிறது. அதைத்தான் உங்களுக்குக் காட்டப் போகிறேன். கண்டுபிடிப்பது சுலபம். தொப்பியைப் பாருங்கள். நாடாவைச் சுருட்டித் தைத்த ஒரு பூ இருக்கும். மூன்று நிறம் என்றால் பிரான்சுக்காக உயிரை விடுகிறவர். கறுப்பு என்றால் இங்கிலாந்துக்காக. பூவே இல்லாத தொப்பியா? நான் பார்த்து வெகு நாளாயிற்று.

என் கடைக்கு எதிர்வீட்டில் கப்பல் பாய் தைக்கிற ஈனோக் டில்ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். இவர் தைத்த பாய்கள் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டன. இவர் ஆற்றைத் தாண்டி ஜெர்சிக் கரைக்குப் போனதோடு சரி. ஆனால் பாரிஸில் எந்த மந்திரி எந்தத் தெருவில் தும்மினார் என்று கேட்டுப் பாருங்கள், தும்மலின் காரணத்தோடு சொல்லுவார். யாரையும் "மிஸ்டர்" என்று அழைக்கமாட்டார். அது ராஜா காலத்து அடிமைப் புத்தியாம். ராஜாவைத் தள்ளிவிட்ட பிரான்சில் அழைப்பதுபோல எல்லாரும் சிட்டிசன், அதாவது குடிமகன். என் கடைப் பூனைகூட சிட்டிசன்தான். தேயிலை இங்கிலாந்துக் கப்பலில் வருகிறது என்பதால் வீட்டில் அதற்குத் தடை போட்டு, வறுத்த பட்டாணியைக் காய்ச்சி மனைவி கெசியாவிடம் நீட்டி, இதுதான் காப்பி என்று நம்பவும் சொன்னார். கெசியா சண்டை போடவில்லை. பின்வாசல் வழியாக எங்கள் அடுக்களைக்கு வந்து, என் மனைவி ஹல்தாவோடு உட்கார்ந்து இரண்டு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போவாள். அந்தத் தெருவில் வெளிநாட்டு விவகாரத்தைச் சரியாகக் கையாண்டவள் அவள் ஒருத்திதான்.

காலையில் பத்திரிகை வந்துவிட்டால் கூத்து தொடங்கிவிடும். நம் சரக்குக் கப்பலை இங்கிலாந்துக்காரன் நடுக்கடலில் மடக்கினான் என்று செய்தி வந்தால் டில்ஃபோர்டுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. நான் அப்போதே சொன்னேனே என்று மேசை மேசையாகப் போய்ச் சொல்லுவார். பிரான்சுக்காரன் மடக்கினால் அதே மலர்ச்சி கறுப்புப் பூ மேசையில், கயிற்றுக் கிடங்கு சைலஸ் ஓக்லியின் முகத்தில். பிடிபட்ட மாலுமி யார் வீட்டுப் பிள்ளை என்று எந்த மேசையும் கேட்டதில்லை. ரொட்டிக்காரரும் செருப்பு தைக்கிறவரும் பிரிந்தார்கள், சுதந்திர தின விருந்து இரண்டாகப் பிரிந்தது, கடைசியில் நான் நடுவில் ஒரு தடுப்புப் பலகை வைத்தேன். பீப்பாய் மட்டும் ஒன்றுதான்.

ஒருநாள் நானும் வாயைத் திறந்து தொலைத்தேன். "ரெண்டு பேரு சண்டையில நமக்கென்ன வேலைன்னு பழைய ஜனாதிபதியே சொல்லிட்டுத்தானே போனாரு?" என்றேன். என்ன நடந்தது தெரியுமா? இரண்டு மேசையும் ஒரே குரலில் என்னைக் கோழை என்றன. அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தக் கோடையில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. காய்ச்சலுக்காவது கட்சி இருக்காது என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல! பிரெஞ்சுத் தீவிலிருந்து வந்த கப்பல்தான் கொண்டுவந்தது என்றது கறுப்புப் பூ. இல்லை, நம் சாக்கடையை அள்ளாமல் விட்ட அரசாங்கம்தான் காரணம் என்றது மூவண்ணம். வைத்தியமும் பிரிந்தது. மூவண்ண வைத்தியர் கையைக் கீறி இரத்தம் எடுப்பார். கறுப்புப் பூ வைத்தியர் மரப்பட்டைக் கஷாயமும் மதுவும் கொடுப்பார். வைத்தியர் நாக்கைப் பார்க்கும் முன் நோயாளி அவர் தொப்பியைப் பார்த்தார்.

அப்போதுதான் கெசியா படுத்தாள். டில்ஃபோர்டின் கட்சி வைத்தியர் ஆற்றுக்கு அக்கரையில் யாருக்கோ இரத்தம் எடுக்கப் போயிருந்தார். பக்கத்து வீட்டிலேயே டாக்டர் ஹார்ன்பி இருந்தார். ஆனால் கறுப்புப் பூ. ஹல்தா ஓடிப்போய் அவரை அழைத்து வந்தாள். வாசலில் டில்ஃபோர்ட் குறுக்கே நின்றார்.

"வழி விடுங்க, டாக்டர் வந்திருக்காரு," என்றாள் ஹல்தா.

"பட்டைக் கஷாயம் இங்கிலாந்துக்காரன் வைத்தியம். அது என் வீட்டுக்குள்ள வராது. எங்க டாக்டர் வந்துருவாரு."

ஹார்ன்பியாவது தள்ளிக்கொண்டு போனாரா? அவரும் அதே இனம்தானே. "மொதல்ல அந்தாளு தொப்பியில இருக்கறத எடுக்கச் சொல்லும்மா. அப்புறம் நான் படியேறுறேன்," என்றார்.

கூட்டம் சேர்ந்தது. ஓக்லி வந்தார், ரொட்டிக்காரர் வந்தார், என் கடையின் இரண்டு மேசையும் கோப்பையோடு வந்து வாசலில் நின்றன. பேச்சு கஷாயத்தில் தொடங்கி, நம் அரசாங்கம் இங்கிலாந்தோடு போட்ட உடன்படிக்கைக்குப் போய், பாரிஸில் லஞ்சம் கேட்டு நம் தூதர்களை அவமானப்படுத்தியதில் வந்து நின்றது. உள்ளேயிருந்து கெசியாவின் குரல் கேட்டது.

"யாராச்சும் ஒரு வாய் தண்ணி குடுங்களேன்."

ஹல்தா பின்வாசல் வழியாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்றவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் மூவண்ண வைத்தியர் ஆற்றைக் கடந்து வந்தபோது இரத்தம் எடுக்க ஆளில்லை.

டில்ஃபோர்ட் அழுதார், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். அடக்கம் முடிந்த கையோடு கடைக்கு வந்து தன் மேசையில் உட்கார்ந்தார். "ஹார்ன்பி கையில விட்டிருந்தா அன்னைக்கே போயிருப்பா," என்றார். அவருடைய மேசை ஆமாம் என்றது. உள்ளே விட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. செத்தவளை வைத்து அன்றைய விவாதம் சூடு பிடித்தது. எனக்கு வந்தது கோபமில்லை, அருவருப்பு.

நீங்களும் இவ்வளவு நேரம் தலையாட்டிக்கொண்டுதான் வந்தீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். டில்ஃபோர்டைத்தானே அதிகம் திட்டுகிறான், இந்தக் கடைக்காரன் கறுப்புப் பூக்காரனாக இருப்பானோ என்று நடுவில் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்ததா? கஷாயமா, இரத்தம் எடுப்பதா, எது சரி என்று மனசுக்குள் ஒரு பக்கம் சாய்ந்தீர்களா? கூச்சப்படாதீர்கள். அந்த வாசலில் நின்றவர்களும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள், உள்ளே ஒருத்தி தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தபோது.